பொற்றாசியத்தின் பொத்தான்

பாடசாலை அதிபரின் அறையில் இருந்தவர்கள்: அதிபர். விஞ்ஞான டீச்சர். என் மகள். வகுப்பில் அவளுக்குப் பக்கத்தில் இருக்கும் பிள்ளை. மகளின் கையைப் பிடித்துக் கூட்டி வந்தவளும் அவள்தான். கதவடியில் நான்.

மகளுக்கு ஏழாம் ஆண்டு படிக்கும்போது கண் மங்கியது. ஒன்பதாம் ஆண்டில் முழுதாகப் போனது. கொழும்பு வரை கொண்டுபோய்க் காட்டினோம். அதைப் பற்றி எழுத வேறொன்றும் இல்லை. இப்போது பத்தாம் ஆண்டு. மற்றப் பாடங்களைக் கேட்டே படித்து விடுகிறாள். விஞ்ஞானத்தில் ஆவர்த்தன அட்டவணை என்று ஒரு பாடம் வந்தது. இரும்பு, செம்பு, ஒட்சிசன் மாதிரியானவற்றை மூலகம் என்கிறார்கள். அவற்றைப் பெட்டி பெட்டியாக அடுக்கிய படம் அது. வகுப்புச் சுவரில் தொங்குகிறது.

"தங்கச்சி, புள்ளைக்குத் தமிழ், இஸ்லாம், வரலாறு எல்லாம் நல்லா வருது" என்றார் அதிபர். "இந்த விஞ்ஞானத்த உட்டுப்போடுவமே. என்னத்துக்கு அதையும் போட்டுக் கஷ்டப்படுத்துற?"

டீச்சர் சின்ன வயது. மேசையைப் பார்த்தபடி கதைத்தார். "படம் பார்க்காம இதப் படிப்பிக்க எனக்குத் தெரியல்ல சேர். அதுதான் உண்மை."

"தொட்டுப் பார்க்க ஏலாதா டீச்சர்?" என்று மகள் கேட்டாள்.

"கடதாசியத் தொட்டா வழுவழுப்புத்தான் மகள் தெரியும்" என்றார் அதிபர். அவர் கெட்ட மனிதர் இல்லை. பெருநாளைக்கு அவருடைய பிள்ளைகளின் உடுப்பு தைக்க என்னிடம்தான் வரும்.

அந்தப் பாடம் தொடங்குவதற்குள் ஒரு வழி கிடைத்தால் பார்க்கலாம், இல்லாவிட்டால் விஞ்ஞான நேரத்தில் மகள் வாசிகசாலையில் இருக்கட்டும் என்று முடிவானது. வாசிகசாலை என்றால் அதோடு சரி. பிறகு யாரும் திரும்பக் கூப்பிட மாட்டார்கள். மகளுக்கும் அது தெரியும்.

நான் ஐந்தாம் ஆண்டோடு நின்றவள். தையல் தெரியும். அபாயா, பாடசாலை உடுப்பு, வெட்டி மிஞ்சிய துணியில் தலையணை உறை. என்னிடம் துணி இருந்தது, பொத்தான் இருந்தது. அந்தப் படத்தைத் தைத்துப் பார்க்க மருதமுனைத் தறியில் நெய்த தடித்த துணித் துண்டு ஒன்றை எடுத்தேன். பத்தாம் ஆண்டுக்கு முதல் இருபது மூலகங்கள் போதும் என்று டீச்சர் சொல்லியிருந்தார்.

பின்னேரம் அசர் தொழுகைக்குப் பிறகு, வகுப்பில் மகளுக்குப் பக்கத்தில் இருக்கும் அந்தப் பிள்ளை புத்தகத்தோடு வந்து எந்தப் பெட்டி எங்கே என்று வாசித்தாள். பெட்டிக்குக் கோடு தைத்தேன். ஆங்கில எழுத்தைத் தடித்த நூலில் சங்கிலித் தையலாகப் போட்டேன். கண் இருந்த காலத்தில் மகள் பார்த்த எழுத்து, அவள் விரலுக்கும் தெரிந்தது. முதல் வரியில் இந்த ஓரத்தில் ஐதரசன், அந்த ஓரத்தில் ஈலியம், நடுவில் வெறும் துணி. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் என்ன என்று கேட்டேன். ஏலாது என்றார்கள். ஒரே குணம் உள்ளவை மேலும் கீழுமாக ஒரே நிரலில் நிற்க வேண்டுமாம்.

அணு எவ்வளவு பெரிது என்று காட்டப் பெட்டிக்கு ஒரு பொத்தான். அதை நானாகத் தைத்து முடித்து மகளின் மடியில் வைத்தேன். அவள் இரண்டாம் வரியில் விரலை ஓட்டினாள். திரும்பவும் ஓட்டினாள்.

"உம்மா, இத ஆரு சொன்ன?"

"என்னத்த?"

"வலப்பக்கம் போகப் போகப் பெரிசாகும் எண்டு."

"பெட்டி நம்பர் கூடினா அளவு கூடும்தானே. முப்பத்தாறுக்கும் நாப்பதுக்கும் ஒரே சட்டையா?"

அந்தப் பிள்ளை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "சாச்சி மூலகத்துக்கும் பெருநாள் உடுப்பு தைக்கிறாங்க."

"வலப்பக்கம் போனாச் சின்னனாகும் உம்மா. கீழ இறங்கினாத்தான் பெரிசு."

"உள்ளுக்க சாமான் கூடுது, பை சின்னனாகுதா? நடக்கிற கதையக் கதை."

மகள் தடவித் தடவி, நான் தைத்துக்கொண்டிருந்த பாவாடையை எடுத்தாள். நாடாவைப் பிடித்து இழுத்தாள். இடுப்பு சுருங்கியது. "நடுவுல இரிக்கிற கரு இழுக்குது. ஒரே வரியில போகப் போக இழுவை கூடுது. துணி அதேதான். சுருங்குது."

"மறுகா கீழ இறங்கினா?"

"உடுப்புக்கு மேல இன்னொரு உடுப்பு."

அது விளங்கியது. பொத்தான் எல்லாவற்றையும் பிரித்தேன். தைத்ததைப் பிரிக்கத் தைத்ததை விட நேரம் போகும்.

நான் பிரிக்கும்போது அந்தப் பிள்ளை புத்தகத்தில் இன்னொரு பக்கத்தை வாசித்தாள். இந்த அட்டவணையை நூற்றைம்பது வருடத்துக்கும் முன் ருஷ்யாக்காரர் ஒருவர் போட்டாராம். அந்தக் காலத்தில் பாதிக்குச் சற்று மேல்தான் மூலகங்கள் தெரியும். பாரப்படி அடுக்கி, குணம் ஒத்தவற்றைச் சேர்த்து வைத்துக்கொண்டு போனவர், குணம் பொருந்தாத இடத்தில் பெட்டியை வெறுமையாக விட்டார். அங்கே வரப்போவது இன்ன பாரம், இன்ன குணம் என்றும் எழுதி வைத்தார். பிறகு ஒவ்வொன்றாக அகப்பட்டன. அவர் எழுதியதற்குக் கிட்டத்தட்ட ஒத்தும் இருந்தன.

"அப்ப ஐதரசனுக்குப் பக்கத்துல கிடக்கிற வெறுமையிலயும் ஒண்டு வருமா?" என்று கேட்டேன்.

"அது வேற வெறுமை உம்மா. அங்க ஒண்டும் வராது."

பொத்தான் ஒன்று விழுந்துபோன சட்டை எத்தனையோ என்னிடம் வந்திருக்கின்றன. மேலே உள்ளதையும் கீழே உள்ளதையும் பார்த்தால் போனது எது என்று தெரியும். அந்த மனிதர் செய்ததும் இதைத்தான் என்று பட்டது.

இரண்டாம் முறை சரியாகத் தைத்தேன். ஈலியத்துக்குக் கைக்குழந்தைச் சட்டைப் பொத்தான். பொற்றாசியத்துக்கு, கத்தாரிலிருந்து மகளின் வாப்பா கொண்டு வந்த குளிர்ச்சட்டையின் பெரிய பொத்தான். பக்கத்துப் பக்கத்தில் ஒரே அளவாக வந்தால் ஒன்றுக்குத் துணி சுற்றினேன்.

மகள் இன்னொன்றும் கேட்டாள். இடப்பக்கத்தில் நிற்பவை, அணுவில் வெளியே சுற்றும் இலத்திரனை இலேசாக விட்டுவிடுமாம். கீழே போகப் போக இன்னும் இலேசு. வலது ஓரத்தில் நிற்பவை விடவே மாட்டா. அதற்கு நான் நூலை மாற்றினேன். வலது ஓரத்தில் இறுக்கிக் கட்டினேன். இடப்பக்கம் வர வர நூலை நீளமாக விட்டேன். பொற்றாசியம் தொங்கிக்கொண்டு ஆடியது.

"இப்படித் தைச்சு நம்மட சட்டையத் தந்தா திருப்பி அனுப்புவம்" என்றாள் அந்தப் பிள்ளை.

மறுபடி அதிபரின் அறை. அதே ஆட்கள். துணியை மேசையில் விரித்தேன். டீச்சர் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கண்ணை மூடித் தானும் தொட்டுப் பார்த்தார்.

"சோடியம், குளோரீன். இலத்திரன இலேசா விடுறது எது?"

மகள் இரண்டு பொத்தானையும் ஆட்டிப் பார்த்தாள். "சோடியம், டீச்சர்."

"அத அவ தொடாமலே மனப்பாடமாச் சொல்லிருப்பா சேர்" என்றாள் அந்தப் பிள்ளை. அதிபர் அவளைப் பார்த்தார்.

டீச்சர் மகளின் விரலைப் பிடித்துப் பொற்றாசியத்துக்குக் கீழே வைத்தார். அங்கே நான் ஒன்றும் தைக்கவில்லை. மடித்த விளிம்புதான் இருந்தது.

"இந்த இடத்துல ஒண்டு இருந்தா எப்படி இரிக்கும்?"

இதைப் புத்தகத்திலிருந்து யாரும் அவளுக்கு வாசித்துக் காட்டவில்லை. மகள் விரலை எடுக்கவில்லை. மேலே போய்ப் பொற்றாசியத்தைத் தொட்டாள், அதற்கு மேலே சோடியத்தை, அதற்கு மேலே இலிதியத்தை. திரும்ப அதே வழியில் இறங்கி வெறும் துணிக்கு வந்தாள்.

"பொற்றாசியத்த விடப் பெரிசு. அத விட ஆடும்."

"ஓம்" என்றார் டீச்சர். "அப்படி ஒண்டு இரிக்கி. ரூபீடியம்." அதிபர் பக்கம் திரும்பினார். "சேர், இவ வகுப்புலயே இருக்கட்டும். நான் படிப்பிக்கிறன்."

அதிபர் துணியின் ஓரத்தைப் புரட்டித் தையலைப் பார்த்தார். "வாசிகசாலையில இவக்கு என்ன வேலை" என்றார்.

திரும்பி வரும்போது முச்சக்கரவண்டியில் துணி மகளின் மடியில் இருந்தது.

"கீழ மடிச்சதப் பிரிச்சா எவ்வளவு துணி வரும் உம்மா?"

"ஒரு சாண். என்னத்துக்கு?"

"ரூபீடியம் வைக்கணும். அதுக்குப் பக்கத்துல உள்ளதும் வேணும். எனக்கு உயர்தர வகுப்புலயும் விஞ்ஞானம்தான் படிக்கணும்."

"மொத்தம் எத்தின?"

"இப்போதைக்கு நூத்திப் பதினெட்டு."

இருபது தைத்தாயிற்று. வீட்டுக்கு வந்து பொத்தான் டப்பாவைக் கவிழ்த்தேன்.

மீதி தொண்ணூற்றெட்டு.