நெரிசலில் வைத்த பொய் விண்மீன்

உருண்டையாக நெருங்கிக் கிடக்கும் விண்மீன் கொத்துகளில், விநோதமான வேதிப்பொருள்கள் நிறைந்த விண்மீன்களைத் தேடுவது என் ஆராய்ச்சி. பச்சை ஒளியில் ஒரு குறிப்பிட்ட இடத்தில் அவை கொஞ்சம் மங்கும். ஃபில்டர் போட்டு எடுத்த படங்களில் அந்த மங்கலை அளந்து பிடிக்கலாம்.

பெங்களூரில் இன்னொரு குழுவும் நான் எடுத்துக்கொண்ட கொத்தைத்தான் ஆராய்ந்தது. அதில் சில விநோத விண்மீன்களைக் கண்டுபிடித்து நான் முந்திவிட்டேன். கட்டுரையை அனுப்பவேண்டிய நாளில், மர்பி டவுன் வீட்டில் அம்மா காலையிலேயே பாயசம் வைத்துவிட்டார்.

அன்று எங்கள் ஆய்வு நிறுவனக் கேன்டீனில் அந்தக் குழுவின் ஸ்டெல்லா அக்கா என் எதிரே வந்து உட்கார்ந்தார். தங்கவயலிலிருந்து தினமும் ரயிலில் வருபவர்.

"பொய் ஸ்டார் போட்டுப் பாத்தியாம்மா?"

சாதாரண விண்மீன் ஒன்றைக் கணினியிலேயே உருவாக்கி, படத்தில் வைத்து அளப்போம். அது சாதாரணமாகவே வந்தால் நம் அளவை நம்பலாம்.

"ஓரத்துல போட்டேன்க்கா. சரியாத்தான் வந்துச்சு."

"நெரிசல் நடுவுலதானே இருக்கு? அங்கயும் ஒண்ணு போடு. எனக்கு அங்கதான் எல்லாம் கவுந்துச்சு."

பொறாமை என்று நினைத்தேன். அதை நிரூபிக்கவே மேசைக்குப் போய் நடுவில் ஒன்றை வைத்தேன். நானே வைத்த சாதாரண விண்மீன் விநோதமாக வெளியே வந்தது. இன்னொன்று வைத்தேன். அதுவும் அப்படியே. பக்கத்து விண்மீன்களின் ஒளி கலந்து அளவைக் கெடுத்திருந்தது. நான் கண்டுபிடித்தவை எல்லாம் அந்த நெரிசலில்தான் இருந்தன.

கட்டுரையை அனுப்பவில்லை. அம்மா நீட்டிய பாயசத்தை வாங்கி மூடி வைத்தேன்.

அக்கா வாயைத் திறக்காமல் இருந்திருந்தால், என் தப்பை அவர் குழுவே பிறகு ஊருக்குக் காட்டியிருக்கலாம். அவர் இடத்தில் நான் இருந்திருந்தால் எழுந்து போய்ச் சொல்லியிருப்பேனா? சொல்லியிருப்பேன் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். கை வரவில்லை.