நடக்காத வழக்கில் விடுதலைப் பத்திரம்

என் கணவர் யாழ்ப்பாணத்தில் டொக்டராக இருந்தவர். காலில் குண்டுக் காயத்தோடு வந்த ஒருவருக்குத் தையல் போட்டதற்காக, இயக்கத்துக்கு உதவினார் என்று குற்றம் சாட்டி இவரைப் பதினாலு மாதம் சிறையில் வைத்தார்கள். வழக்கே நடக்கவில்லை. ஒரு காலையில் கதவைத் திறந்து "போ" என்றார்கள், அவ்வளவுதான்.

எண்பதுகளின் நடுவில் அமெரிக்காவில் ஜெர்சி சிட்டிக்கு வந்தபின் அதையெல்லாம் ஆங்கிலத்தில் எழுதினார். டைப் அடித்தது நான். மன்ஹாட்டனில் ஒரு சின்னப் பதிப்பகம் ஏற்றுக்கொண்டது. ஒப்பந்தத்தில் கையெழுத்திடப் போன அன்றுதான் அவர்களுடைய வக்கீல் புதிதாக ஒன்றைச் சொன்னார். குற்றவாளிகள் தங்கள் குற்றத்தைப் புத்தகமாக்கிச் சம்பாதிக்கக் கூடாது என்று நியூயோர்க்கில் ஒரு சட்டம் இருக்கிறதாம். அந்தப் பணம் பாதிக்கப்பட்டவர்களுக்குப் போக வேண்டுமாம். குற்றம் சாட்டப்பட்டிருந்தாலே போதுமாம். வெளிநாட்டுக் குற்றத்துக்கு இது பொருந்துமா என்று அவருக்கே தெரியவில்லை. தெரியும்வரை பணத்தை நிறுத்தி வைப்பாராம்.

"இந்தக் குற்றத்தில் பாதிக்கப்பட்டவர் யார்?" என்று பேனாவோடு கேட்டார்.

"நான்தான்," என்றார் என் கணவர். வக்கீல் அதை எழுதிக்கொள்ளவில்லை.

விடுதலையானதற்கு நீதிமன்றப் பத்திரம் இருந்தால் சிக்கல் தீரும் என்றார். வழக்கே நடக்காதபோது பத்திரம் எங்கிருந்து வரும்? அப்படியானால் அந்தச் சிறை அதிகாரிகளிடமே ஒரு கடிதம் வாங்கலாமே என்றார், பள்ளிக்கூடத்தில் லீவு லெட்டர் கேட்பதுபோல.

வீடு திரும்பும் ரயிலில் நான்தான் பொருமினேன். "கடிதம் வாங்கச் சொன்னதுக்கு நீங்கள் ஏனப்பா ஒண்டும் சொல்லேல்லை?"

"என்னைப் பிடிச்சு அடைச்சவங்களிட்டையே நான் நல்லவன் எண்டு certificate கேக்கச் சொல்லுறான். அதுக்கு என்னத்தைச் சொல்ல?"

அடுத்த நாள் பதிப்பகத்துக்கு அவரே போன் பண்ணினார். பணத்தை வைத்துக்கொள்ளுங்கள், புத்தகத்தைப் போடுங்கள் என்றார். எனக்கு வந்த கோபத்தில் இரண்டு நாள் அவரோடு பேசவில்லை.

புத்தகம் வந்து ஏழு மாதம் கழித்து அந்த வக்கீலிடமிருந்து இரண்டு வரிக் கடிதம் வந்தது: வெளிநாட்டுக் குற்றச்சாட்டுகளுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. கூடவே செக். மன்னிப்பு என்ற சொல்லைத் தேடி மறுபக்கமும் திருப்பிப் பார்த்தேன்.

"பாங்கில போடுங்கோ," என்றேன்.

"நாளைக்குப் பாப்பம்," என்று செக்கை மேசையிலேயே விட்டுவிட்டு, இங்கே கிடைத்திருந்த ரத்தப் பரிசோதனை லாப் வேலைக்குக் கிளம்பிவிட்டார்.