நிறம் விழாத மரங்கள்

நான் எழுதிய நிரல்கள் எல்லாம் வேலை முடிந்ததும் 'பிழை ஏதுமில்லை' என்று திரையில் ஒரு வரி காட்டும். பிழை இருக்கிறதா என்று அவை பார்ப்பதில்லை. பார்க்கும்படி நான் எழுதவும் இல்லை. எதிரே உட்கார்ந்திருப்பவருக்கு ஒரு தெம்பு வரட்டுமே என்று சேர்த்துவிடுவேன். நாளாக ஆக நானே அதை நம்பத் தொடங்கிவிட்டேன் என்பதுதான் வெட்கக்கேடு.

நெய்வேலி டவுன்ஷிப்பில் அப்போது பிளான் வரைந்து கொடுக்கும் கடை வைத்திருந்தேன். வரையும் மென்பொருளுக்குள்ளேயே லிஸ்ப் என்றொரு கணினி மொழி உண்டு. அடைப்புக்குறிக்குள் அடைப்புக்குறியாகப் போய்க்கொண்டே இருக்கும். நாற்பது வயதுக்குமேல் அதில் பாதியைக் கற்றேன். மீதியைத் தேவைப்படும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவைத்தேன்.

சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலை பார்த்த ஒருவர் வந்தார். காடாம்புலியூரில் அப்பா விட்டுப்போன முந்திரித் தோப்பை அவரும் அவருடைய அக்காவும் பிரித்துக்கொள்ள வேண்டும். அக்கா திருவதிகையில் இட்லிக் கடை வைத்திருந்தார். புருஷன் இல்லை. அந்த மரங்களை நம்பித்தான் மகளைக் காலேஜில் சேர்த்திருந்தார்.

நிலம் பொதுவில் இருக்கட்டும், மரத்தை மட்டும் பிரிக்கலாம் என்று பேச்சு. அடிமரத்தின் சுற்றளவை அளந்து, பெரியதிலிருந்து வரிசைப்படுத்தி, ஒன்று அக்காவுக்கு, அடுத்தது தம்பிக்கு. அளந்தேன். மரத்துக்கு ஒரு வட்டம் வரைந்து, அக்கா மரத்துக்குச் சிவப்பு, தம்பி மரத்துக்குப் பச்சை பூசும்படி லிஸ்ப்பில் எழுதினேன். பிழை ஏதுமில்லை என்றது. அதை நம்பி, சரிபார்க்காமலே அச்செடுத்தேன்.

தோப்பில் படத்தை விரித்தபோது பல வட்டங்களில் நிறமே இல்லை.

"என்னா சார், வெள்ளையா வுட்டுட்டீங்க?" என்றார் அக்கா.

நான் வாய் திறப்பதற்குள் தம்பி முந்திக்கொண்டார். "கலரு வுழலன்னா அது பொதுவுக்கா. பொதுவுன்னா, தோப்பப் பாத்துகினு இருக்கறவனுக்கு."

"நீ எங்கடா பாத்துகினு இருந்த? ஷிப்ட்டு முடிஞ்சி வந்து தூங்கிகினு இல்ல இருந்த?"

"கம்ப்யூட்டரே சொல்லுதுக்கா. நீங்க சொல்லுங்க சார்."

"கம்ப்யூட்டர் தப்புப் பண்ணாதும்மா" என்றேன்.

அக்கா படத்தை மடித்து என் கையிலேயே கொடுத்துவிட்டு பஸ்ஸுக்கு நடந்தார்.

கடைக்குத் திரும்பி, நிறம் விழாத மரங்களின் அளவுகளைப் பார்த்தேன். ஒவ்வொன்றுக்கும் அதே சுற்றளவில் இன்னொரு மரம் இருந்தது. அதற்கு மட்டும் நிறம் விழுந்திருந்தது. வரிசைப்படுத்த நான் பயன்படுத்திய கட்டளை, ஒரே எண் மறுபடி வந்தால் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை வீசிவிடக்கூடியது. கையேட்டில் அது எழுதியே இருந்தது, நான் விட்டுவைத்த பாதியில். அதற்கு அடுத்தாற்போலவே, எண்களுக்குப் பதில் பட்டியலில் அவை நிற்கும் இடங்களை வரிசையாகத் தரும் வேறொரு கட்டளையும் இருந்தது. அளவு ஒன்றாகலாம், இரண்டு மரத்துக்கு இடம் ஒன்றாகாது. மாற்றி எழுதினேன். எல்லா மரத்துக்கும் நிறம் விழுந்தது.

இருவரையும் கடைக்கு வரவழைத்து, தப்பு என்னுடையது என்றேன். தம்பி புதுப் படத்தை நெடுநேரம் வெறித்தார்.

"போன தபா ஒண்ணு, இந்தத் தபா ஒண்ணா? எப்படி சார்?"

"ஒரே அளவுல ரெண்டு இருந்தா, ஒண்ண வச்சிக்கிட்டு இன்னொண்ணத் தள்ளிடுச்சுங்க."

அவர் வேறு வழியில்லாமல் கையெழுத்துப் போட்டுவிட்டு விறுவிறுவென்று இறங்கிப் போனார். அக்கா தன் பிரதியைப் பைக்குள் வைத்துக்கொண்டு வாசலில் செருப்பை மாட்டினார்.

"ஒரே வயித்துல பொறந்த ரெண்டுல ஒண்ணத் தள்ளிவுட கம்ப்யூட்டரு எதுக்கு சார்? எங்க வூட்லயே ஆளு இருக்குதுங்க."