வெயில் குடிக்கும் வாட்ச்

துபாயிலிருந்து வந்த மச்சினன் எனக்கு ஒரு சோலார் வாட்ச் கொடுத்தான். "சாவி கொடுக்க வேணாம் மச்சான், வெயிலு பட்டா போதும்," என்றான். அருப்புக்கோட்டையில் வெயிலுக்கா பஞ்சம்?

நல்ல பொருளை எங்கள் வீட்டில் யாரும் அன்றாடம் புழங்குவதில்லை. பெட்டியோடு பீரோவில் வைத்துப் பூட்டினேன். கையில் கிடந்தது, காலையில் சாவி கொடுக்கிற பழைய வாட்ச்தான்.

ஐந்தாறு மாதம் கழித்துப் பந்தல்குடியில் ஒரு கல்யாணத்துக்குப் புறப்படும்போது பீரோவைத் திறந்தால், சோலார் வாட்ச் நின்றுபோயிருந்தது. எனக்கு எரிச்சலாக வந்தது. மனைவி அதை வாங்கி, மொட்டைமாடியில் காய்ந்துகொண்டிருந்த மிளகாய் வத்தல் பக்கத்தில் வைத்தாள். கல்யாணம் முடிந்து திரும்பி வந்து பார்த்தபோது முள் ஓடிக்கொண்டிருந்தது.

இன்றும் அதைக் கல்யாணத்துக்கு மட்டும்தான் கட்டுகிறேன். பழைய வாட்சுக்கு உட்கார்ந்த இடத்திலேயே சாவி கொடுத்துவிடுகிறேன். சாவியே வேண்டாத வாட்சைத் தூக்கிக்கொண்டுதான், வெயில் காட்டத் தினமும் மாடி ஏறி இறங்குகிறேன்.