சுறா வறையும் இரண்டு தட்டுகளும்

கணவருக்குத் தூரத்துப் பால்பண்ணையில் வேலை. வெளிநாட்டில், இந்த ஏவன்டேல் வீட்டில் நானும் என் வயிற்றுப் பிள்ளையும்தான்.

"பிள்ளை பிறந்தாப்பிறகு சுறா வறை சாப்பிடு, பால் சுரக்கும்" என்று அம்மா தொலைபேசியில் சொன்னார். நான் இப்போதே தினமும் சுறாவை உதிர்த்துத் தேங்காய்ப்பூவோடு வறுத்துச் சாப்பிட்டேன்.

பேறுகாலத்துக்கு என்னைக் கவனிக்க வீட்டுக்கு வந்த மிட்வைஃப், மலேசியத் தமிழர், சட்டியைக் கண்டுவிட்டார். "சுறால பாதரசம் இருக்கும்மா. வயித்துல இருக்கிற பிள்ளைக்கு ஆகாது."

எனக்கு அழுகை வந்துவிட்டது. "இந்த மணம் இருந்தா வீட்டில ஆள் இருக்கிற மாதிரி" என்றேன்.

அவர் என் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "இத நான் சாப்பிடுறேன். நீங்க வேற தட்டுல பருப்பு போட்டுச் சாப்பிடுங்க."

அவர் போனதும் இரண்டு தட்டுகளையும் கழுவினேன். அவருடையதை அலமாரியில் வைக்க மனம் வரவில்லை. எனக்கு எதிரே, மேசையிலேயே விட்டுவிட்டேன்.