கடலைக் காட்டச் சொன்னவள்

கோட்டைப்பட்டினத்தில் யாரும் பக்கத்துப் படகுக்காரனிடம் மீன் படுகிற இடத்தைச் சொல்வதில்லை. விசைப்படகு ஓட்டும் என் வீட்டுக்காரர், கிளம்பும்போது என்னிடம் மட்டும் சொல்லிவிட்டுப் போவார். கூடப்பிறந்த தங்கை கேட்டபோதுகூட நான் வாய் திறந்ததில்லை. அவ்வளவு அழுத்தக்காரி.

அந்த அழுத்தக்காரிதான் முன்பின் தெரியாத ஒருத்தியிடம் எல்லாவற்றையும் கொட்டினேன்.

படகு கட்டும் ஜெட்டிப் பக்கம் உட்கார்ந்து நண்டு கழுவுவதை, கணவாய் மீன் ஆய்வதை வீடியோ எடுத்து ஃபேஸ்புக்கில் போடுவேன். ஒருத்தி தினமும் லைக் போட்டாள். வெளிநாட்டில் இருக்கிறாளாம், ஊர் ஞாபகமாம். “அக்கா, நண்டு போதும், பின்னாடி கடலைக் காட்டுங்க” என்று எழுதுவாள். காட்டினேன். பின்னால் நம் கடலோரக் காவல்படையின் ரோந்துப் படகு நிற்கும். அது இல்லாத நாளில், “எப்பக்கா திரும்பி வரும்?” என்பாள். அதையும் விசாரித்துச் சொன்னேன். என் வீட்டுக்காரரை அண்ணன் என்பாள்; அண்ணன் எந்தப் பக்கம் மீன்பிடிக்கப் போகிறார் என்றும் கேட்டாள். அவளிடம் என்ன படகா இருக்கிறது, போட்டிக்கு வர? சொல்லிவிட்டேன். எனக்கும் ஒரு ரசிகை என்ற பெருமை வேறு.

ஒரு புதன்கிழமை, அவர் கடலுக்குப் போயிருந்த பகலில், இரண்டு போலீஸ் அதிகாரிகள் என் வீடியோக்களைப் பற்றி விசாரிக்க வீட்டுக்கு வந்தார்கள். அதில் ஒரு பெண் என் போனை வாங்கி மேலிருந்து கீழ்வரை படித்தார்.

“இது பொண்ணே இல்லம்மா. வேற நாட்டு அரசாங்கம் சம்பளம் குடுத்து ஒக்காரவச்ச ஆளுங்க. இந்தக் கரையில இன்னும் எத்தன பேர அக்கான்னு கூப்புட்டாங்களோ! நம்ம ரோந்து போற நேரம், வர்ற நேரம் எல்லாம் இதுல இருக்கு.”

எனக்கு ரோந்துப் பேச்சு காதில் ஏறவில்லை.

“எங்க வீட்டுக்காரரு இப்ப அங்கிட்டுத்தாங்க இருக்காரு. காலையிலதான் அவகிட்ட எடத்தச் சொன்னேன்.”

அந்த அம்மா போனைத் திருப்பிக் கொடுத்தார். வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன். நடுக்கடலில் டவர் ஏது?

மறுநாள் காலை படகு வந்தது. அவர் இறங்கியதும் சொன்னார்: “ஒரு வெள்ளைப் படகு நின்னுச்சு, நம்ம நாட்டுது இல்ல. கிட்டயும் வரல, போகவும் இல்ல. நாங்க போறதுக்கு முன்னாடியே அங்க வந்து நின்னுருக்கு.”

அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று பார்த்தேன், திட்டவில்லை. திரும்பி மீனை இறக்கப் போய்விட்டார்.

சனிக்கிழமை சோற்றுத் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு, “வாரேன்” என்று மட்டும் சொல்லிக் கிளம்பினார். எங்கிட்டு என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.