தலைகீழாக எழுதிய பக்கங்கள்

1. ஆட்டோவில் வந்தவர்

மாரப்பன் இரண்டாவது முறையாகப் பேச்சை இழந்து என் வீட்டு வாசலில் ஆட்டோவில் வந்து இறங்கியபோது, என் முப்பது வருட அனுபவம் முழுவதும் லேப்டாப்பில் அழகாக அடுக்கப்பட்டிருந்தது. அவருக்கு வேண்டிய ஒரே ஒரு விஷயம்தான் அதில் இல்லை.

நான் ஸ்பீச் தெரபிஸ்ட். மைசூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். ஸ்ட்ரோக் வந்து பேச்சு போனவர்களிடம் மறுபடி வார்த்தைகளைக் கொண்டுவரப் பாடுபடுவதுதான் என் வேலை. இப்போது இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகள் என்னிடம் பெரிய பெரிய தெரபி முறைகளைப் பற்றிக் கேட்கிறார்கள். அதற்கெல்லாம் நல்ல புத்தகங்கள் இருக்கின்றன. நான் சொல்லப்போவது நான் செய்த ஒரு முட்டாள்தனத்தைப் பற்றி.

மாரப்பனுக்குச் சொந்த ஊர் ஹனூர் பக்கம். தேவராஜ மார்க்கெட்டில் பூக்கடை. ஒன்பது வருடங்களுக்கு முன்னால் முதல் ஸ்ட்ரோக் வந்தபோது ஆஸ்பத்திரியில் என்னிடம்தான் வந்தார். நாலு மாதத்தில் பேச்சு திரும்பி, கடைக்கும் போய்விட்டார். இப்போது மறுபடி வந்திருக்கிறது. சொல்வதெல்லாம் புரிகிறது, வாயைத் திறந்தால் "தா தா தா" என்பதைத் தவிர எதுவும் வரவில்லை.

அவரைக் கூட்டி வந்தவர் மனைவி செல்லம்மா. சோபாவின் நுனியில் உட்கார்ந்துகொண்டு சொன்னார்.

"ரெண்டு மாசமாச்சுங்க மேடம். அவரு கடைக்கு வர வேண்டாம், யாவாரம் நான் பாத்துக்கறேன். என்னைய ஒருக்கா 'புள்ள'ன்னு கூப்பிட்டாப் போதுமுங்க. கண்ணாலம் ஆன நாள்ல இருந்து அப்பிடித்தான் கூப்புடுவாரு. பேரு சொன்னதே இல்ல. வூட்டுல அந்தச் சத்தமே இல்லீங்க இப்ப."

"பார்க்கலாம் செல்லம்மா."

"போன தடவ என்ன பண்ணுனீங்களோ அதையே பண்ணுங்க மேடம். அப்ப நீங்க எங்கள வெளிய ஒக்கார வெச்சுட்டீங்க. உள்ள என்ன நடந்துச்சுன்னு எனக்குத் தெரியாது."

ஆஸ்பத்திரியில் அப்படி ஒரு விதி. தெரபி நடக்கும்போது குடும்பத்தார் அறைக்குள் வரக்கூடாது. ஆக, அந்த முதல் வார்த்தை எப்படி வந்தது என்று தெரிந்த ஆட்கள் உலகத்தில் இரண்டே பேர். ஒருவரால் சொல்ல முடியாது. இன்னொருத்திக்கு மறந்துவிட்டது.

2. தம்பியின் ஏற்பாடு

மறந்தாலும் பரவாயில்லை என்ற தைரியம் எனக்கு இருந்தது. காரணம் என் தம்பி ரகு. கம்ப்யூட்டர் கம்பெனியிலிருந்து ஓய்வு பெற்று, குவெம்பு நகரில் என் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கிறான். சும்மா இருக்க முடியாத ஜாதி. என் அலமாரியில் இருந்த நோட்டுகளைப் பார்த்துவிட்டு, "அக்கா, இதையெல்லாம் ஃபைலா மாத்திடலாம். ஏஐ படிச்சு அடுக்கிக் குடுக்கும். வேணுங்கறப்ப கேட்டா எடுத்துத் தரும்" என்றான்.

"நோயாளிகளோட விஷயம்டா. எங்கேயோ அமெரிக்காவுக்கெல்லாம் அனுப்ப முடியாது."

"ஸ்வல்ப பொறு, கொஞ்சம் கேளு. இது நெட்டுக்கே போகாது. மாடல், ஃபைல் எல்லாம் உன் லேப்டாப்புக்குள்ளயே இருக்கும். வேணும்னா வைஃபையை ஆஃப் பண்ணிட்டே வேலை செய்."

வைஃபையை ஆஃப் செய்துவிட்டே செய்தேன். என் நோட்டுகளில் நோயாளியின் பெயர் இருக்காது, நம்பர்தான் இருக்கும். இருந்தாலும் அவர்கள் நம்பிச் சொன்னது என் வீட்டைத் தாண்டக் கூடாது.

பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்தேன். அது படித்து, டைப் செய்து, ஒவ்வொரு நம்பருக்கும் ஒரு டெக்ஸ்ட் ஃபைல் போட்டது. என் கையெழுத்தைப் படிப்பதில் அது பாதி பாஸ், பாதி ஃபெயில். மீதியை நான் திருத்தினேன். மூன்று மாதம் ஆனது. எனக்குப் பிடித்த வேலையாகவும் இருந்தது.

இதற்கு நடுவில் ஒரு நாள் அது ஒரு கேள்வி கேட்டது. "சில பக்கங்கள் நோட்டின் கடைசியிலிருந்து தலைகீழாக எழுதப்பட்டுள்ளன. இவை சிகிச்சையோடு தொடர்பில்லாத சொந்தக் குறிப்புகள் போலத் தெரிகின்றன. விட்டுவிடலாமா?"

அது உண்மைதான். நோட்டின் முன்பக்கத்தில் டெஸ்ட், ஸ்கோர், பயிற்சி. நோட்டைத் திருப்பிப் பிடித்துப் பின்னாலிருந்து எழுதியவை என் கிறுக்கல்கள். யாருக்கு எதில் சிரிப்பு வந்தது, யார் எந்தக் கெட்ட வார்த்தையைத் தெளிவாகச் சொன்னார் என்பதெல்லாம். அங்கே நம்பர்கூடக் கிடையாது. நானே வைத்த பட்டப்பெயர்கள்தான். உப்பிட்டு மாமா (உப்புமாதான் இங்கே உப்பிட்டு), கொட்டாவி ராணி, இப்படி. எந்தப் பட்டப்பெயர் எந்த நம்பர் என்பது என் தலைக்குள் மட்டும் இருந்தது. படிக்கவே எனக்கு வெட்கமாக இருந்தது. "விட்டுவிடு" என்று டைப் செய்தேன்.

3. பாட்டு

செல்லம்மா வந்த மறுநாள் லேப்டாப்பைத் திறந்து கேட்டேன். பூ வியாபாரி, ஒன்பது வருடம் முன்பு, முதல் வார்த்தை எப்படி வந்தது? உடனே பதில் வந்தது. எண்ணுதல், பாட்டு ஆகிய பயிற்சிகள் மூலம் பேச்சு திரும்பியது, தாலாட்டுப் பாடியபோது நோயாளி சேர்ந்து பாடினார் என்று, சந்தேகத்துக்கே இடமில்லாத நடையில் எழுதியிருந்தது.

நான் நம்பினேன். மாரப்பன் எதிரில் உட்கார்ந்து தாலாட்டுப் பாடினேன். முதல் அடியில் என்னைப் பார்த்தார். இரண்டாவது அடியில் முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டார். கண்ணிலிருந்து நீர் வழிந்தது. பேச்சு போன மனிதரைக் கைக்குழந்தையாக்கிவிட்டேன் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவரைக் கும்பிட்டு, "மன்னிச்சுக்குங்க" என்றேன். அவர் திரும்பவே இல்லை. செல்லம்மா அவரை ஆட்டோவில் ஏற்றிப் போனார்.

அவர்கள் போன பிறகு அந்தப் பக்கத்தின் போட்டோவைத் தேடி எடுத்துப் பார்த்தேன். காகிதத்தை மிச்சம் பிடிக்க நான் ஒரே பக்கத்தில் இரண்டு பேரைப் பற்றி எழுதியிருந்தேன். மேல் பாதி மாரப்பன். கீழ் பாதி, பிரசவத்துக்குப் பிறகு ஸ்ட்ரோக் வந்த ஒரு பெண். தாலாட்டு அவளுடையது. ஏஐ இரண்டையும் ஒட்டி ஒரே ஆளாக்கிவிட்டது. மாரப்பன் பற்றி இருந்தது இவ்வளவுதான்: "முதல் வார்த்தை வந்தது. பின்னால் பார்க்க."

பின்னால் பார்க்க! நானே எனக்கு வழி சொல்லி வைத்திருக்கிறேன், நானே அதை அடைத்தும் இருக்கிறேன். என் மேல் எனக்கு வந்த கோபத்தில் ரகுவுக்கு போன் போட்டுக் கத்தினேன்.

"உன் ஏஐ பொய் சொல்லுதுடா!"

"அக்கா, அதுகிட்ட என்ன கேட்டே? பதில் கேட்டே. பதில் கேட்டா எதையாவது ஒண்ணைக் கோத்துக் குடுத்துடும். எந்த நோட்டு, எந்தப் பக்கம்னு மட்டும் கேளு. எடுத்துப் படிக்கறது உன் வேலை."

தம்பி சரியாகச் சொல்லும்போது எரிச்சல் இன்னும் கூடும். போனை வைத்துவிட்டேன். அவன் சொன்னபடியே செய்தேன்.

அவருக்கு வைத்த பட்டப்பெயரும் மறந்துவிட்டது, கிறுக்கல்களையும் கைக்குக் கிடைத்த நோட்டில் எல்லாம் எழுதியிருந்தேன். எல்லா நோட்டுகளின் பின்பக்கங்களையும் போட்டோ எடுக்க ஆறு நாள் ஆனது. அது படிக்கத் திணறிய இடங்களை நான் வாசித்துச் சொல்ல, டைப் செய்துகொண்டது. உப்பிட்டு மாமாவைப் படித்துத் தனியாகச் சிரித்தேன். அவர் இப்போது இல்லை. கொஞ்ச நேரம் அழவும் செய்தேன். பிறகு கேட்டேன்: "இவர்களில் யார் பூ விற்பவராக இருக்கலாம்? பதில் வேண்டாம். பக்க எண் மட்டும் கொடு."

நாலு எண்கள் வந்தன. முதல் இரண்டும் கோவிலுக்குப் பூ கொடுத்தவர்கள், விற்றவர்கள் இல்லை. மூன்றாவதில் இருந்தார்.

"முழக்காரர். இன்று என் தலையில் இருந்த பூவை எடுத்து அவர் முன்னால் அளந்து எண்ணினேன். எனக்கே தெரியாமல் விரல் மடங்கிவிட்டது போலிருக்கிறது. பொங்கி எழுந்து என் விரலைப் பிடித்து இழுத்தார். முதல் வார்த்தை: நீட்டு. கோபம் வாழ்க."

மார்க்கெட்டில் பூ வாங்கியவர்களுக்கு இது புரியும். முழங்கையிலிருந்து விரல் நுனி வரை ஒரு முழம். அளக்கும்போது விரலைக் கொஞ்சம் மடக்கினால் கடைக்காரருக்குப் பூ மிச்சமாகும். பாதிக் கடைகளில் அப்படித்தான். மாரப்பன் அப்படிச் செய்யாத ஆள்.

4. முழம்

செல்லம்மாவுக்கு போன் செய்தேன். "வரும்போது மல்லிகை கொண்டு வாங்க. இந்தத் தடவை நீங்க உள்ளேயே உட்காரணும்."

வந்தார்கள். மாரப்பன் என்னைப் பார்க்கவில்லை. போன தடவை நான் பாடியதை அவர் மறக்கவில்லை, நியாயம்தான். செல்லம்மாவைச் சமையலறைக்குக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன்.

"விரலை மடக்கியா? அவரு முன்னாடியா?" பதறிவிட்டார். "இத்தன வருசத்துல ஒரு நாளு மடக்குனதில்லீங்க. கொன்னே போடுவாரு."

"அதுதான் வேணும். கோபம் வந்தா பேச்சு வரும். யோசிச்சுப் பேசற வழி மூளையில அடைஞ்சிருக்கு. பழக்கத்துல வர்ற வழி திறந்திருக்கலாம்."

செல்லம்மா கணவருக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார். பூவை எடுத்து ஒரு முழம் அளந்தார். பழக்க தோஷம், விரல் நேராகவே நின்றது. நான் கண்ணைக் காட்டினேன். இரண்டாவது முழத்தில் லேசாக மடக்கினார். மாரப்பனின் புருவம் சுருங்கியது. மூன்றாவது முழத்தில் கண்ணை இறுக மூடிக்கொண்டு, பாதி விரலை மடக்கி அளந்தார்.

மாரப்பன் நாற்காலியிலிருந்து முன்னால் சாய்ந்தார். வலது கை வராது, இடது கையால் மனைவியின் விரல்களைப் பற்றினார். "தா… தா…" கழுத்து நரம்பு புடைத்தது. நான் எதுவும் பேசாமல் இருந்தேன். இந்த இடத்தில் பேசாமல் இருக்கக் கற்றுக்கொள்ள எனக்குப் பல வருடங்கள் ஆயின.

"நீ… நீட்டு."

மாரப்பன் செல்லம்மாவின் மடங்கிய விரல்களை ஒவ்வொன்றாக நிமிர்த்தினார்.

"நீட்டு… புள்ள."

செல்லம்மா வாயைப் பொத்திக்கொள்ளவில்லை, எழுந்து ஓடவில்லை. கண்ணீர் பூவில் விழ விழ, விரலை நேராக நீட்டி மறுபடி முதலிலிருந்து அளக்க ஆரம்பித்தார். ஒவ்வொரு முழத்துக்கும் மாரப்பன் தலையை ஆட்டினார். நான் சமையலறைக்குள் போய் நின்று அழுதேன்.

அதற்குப் பிறகு மாதக் கணக்கில் வேலை இருந்தது. முழுப் பேச்சு இன்னும் வரவில்லை, வருமா என்றும் தெரியாது. 'புள்ள' தினமும் வருகிறதாம்.

இப்போது ஒவ்வொரு ஃபைலிலும் முன்பக்கமும் பின்பக்கமும் சேர்ந்தே இருக்கின்றன. பக்கத்தின் போட்டோவும் கூடவே இருக்கிறது. ஏஐயிடம் பக்க எண் மட்டும் கேட்கிறேன். இளைய தெரபிஸ்டுகளுக்கு நான் சொல்வதும் அதுதான். அடுக்கித் தர ஆள் கிடைத்தால் சந்தோஷமாக வைத்துக்கொள்ளுங்கள். எதை விடலாம் என்று கேட்டால் மட்டும் அவசரப்பட்டுத் தலையாட்டாதீர்கள். நாம் வெட்கப்பட்டு மறைத்து வைப்பதில்தான் பல சமயம் நோயாளி இருக்கிறார்.

'நீட்டு' வந்த அன்று செல்லம்மா கிளம்பும்போது, "நாலு முழமுங்க மேடம்" என்று அந்த மல்லிகையை என் கையில் வைத்துவிட்டுப் போனார். ஆட்டோ திரும்பியதும் சும்மா அளந்து பார்த்தேன், விரலை நன்றாக நீட்டி. நாலு முழம் என்று சொல்லிக் கொடுத்தது, நாலு முழத்துக்கு மேல் ஒரு சாண் இருந்தது.